ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு பெரட்டு

போன மாதம் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பெரட்டுக் களத்தில் ஒலிபெருக்கி பூட்டிவிட்டார்களாம். உத்தியோகத்தர் ஆபீசுக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று சொல்லிவிடுகிறாராம். "ஒங்க காலத்துல பெரட்டு எப்பிடிங்க ஐயா நடக்கும்?" என்று கேட்டார்கள். நான் ஹோர்ட்டன் சமவெளிக்கு உல்லாசப் பயணம் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று இருவரும் கண்ணால் பேசிக்கொண்டதை நான் பார்க்காமல் இல்லை. என் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. என் உத்தியோக காலத்தில் நான் நின்ற பெரட்டுகளிலேயே ஒழுங்கான பெரட்டு அங்கேதான் நடந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

பெரட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் லயங்களிலிருந்து, அதாவது வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் களத்துக்கு வந்து வரிசை கட்டி நிற்க வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு பக்கம், செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் ஒரு பக்கம், தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் பின்னால். எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை "ஆள் சரி!" என்று சத்தம் போடுவார். அதற்குப் பிறகுதான் கண்டாக்கையா வந்து வேலை பிரித்துக் கொடுத்துப் பேர் போடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பிந்தி வந்தவருக்குப் பேர் இல்லை, லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்கள் கண்டாக்கையாவின் பெயர் வேதநாயகம். மலை வேலை முழுவதும் அவர் பொறுப்பு. அவருக்கு மேலே தோட்டத்தை நடத்துகிற துரை மட்டும்தான். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, கறுப்புக் கோட்டு, தொப்பி, கையில் பிரம்பு. மனிதர் களத்துக்கு எல்லாருக்கும் முன்னதாக வந்துவிடுவார். ஆனால் வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். உர ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவர் அங்கே நிற்பது தோட்டம் முழுக்கத் தெரியும். சுருட்டுப் புகை கூரைக்கு மேலே எழும்பும், இருமல் கேட்கும், சில நாள் தொப்பியே தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டோம். "ஆள் சரி" காதில் விழுந்ததும், அப்போதுதான் வீட்டிலிருந்து நடந்து வருகிறவரைப் போல வெளியே வருவார். கண்டாக்கு ஆளுக்காகக் காத்திருக்கக் கூடாது, ஆள்தான் கண்டாக்குக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் தினமும் மழையில் நனைந்தபடி ஸ்டோருக்குப் பின்னால் ஆளுக்காகக் காத்திருந்தார்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தை முடித்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாக்குத் தூக்கி, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, தற்காலிகக் கணக்கப்பிள்ளையாக நின்ற நேரம் அது. அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணம் ஆகிப் புதிது. என் மனைவி பாக்கியமும் நானும், அண்ணனும் அண்ணியும், அவர்களுடைய பிள்ளைகளும் ஒரே லயத்து அறையில் இருந்தோம். நடுவில் ஒரு சாக்குத் திரை. அந்தப் பக்கம் அண்ணன் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். வேலை நிரந்தரமானால் கணக்கப்பிள்ளை வீடு கிடைக்கும். இரண்டு அறை, தனிக் குசினி, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. பாக்கியம் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி மற்றப் பெண்கள் நகையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவாள். எனக்கும் அந்த வீட்டின் மேல் அடங்காத ஆசை. துரை முடிவு சொல்வதாக இருந்தது ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை. துரை எங்கே முடிவு செய்யப் போகிறார்? கண்டாக்கையா சொல்கிறதுதான் முடிவு.

அந்த விஷயத்தில் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு மழைக் காலையில், களத்து ஓரத்தில் ஒரு அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் "ஆள் சரி" சொல்லிவிட்டேன். கண்டாக்கையா வெளியே வந்து, வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஊரே கேட்கச் சொன்னார்.

"ஒரு ஆள் கொறஞ்சாலும் ஆள் சரி இல்ல. கொறஞ்சது மகாராணியாவே இருந்தாலும் ஆள் சரி இல்ல. இன்னொரு தடவ ஆள் கொறயிறப்ப சொன்னியோ, ஒன் வாயால சொல்ற கடைசி ஆள் சரி அதுதான்."

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு உல்லாசப் பயண ஆசை வந்தது. எங்களுக்கு என்றால் நான்கு பேருக்கு. நான், தப்படிக்கிற மருதை, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிற அந்தோணி, தலவாக்கலை பேக்கரியில் பாண் போடுகிற பியதாஸ. பியதாஸவுக்கு ஒஹியாப் பக்கம் ஊர், வழி தெரிந்தவன். நுவரெலியாவில் சீசன் தொடங்கியிருந்தது. கொழும்புக்காரர்கள் கம்பளிச் சட்டையோடு வந்து, குளிருது குளிருது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், உலக முடிவு என்று பேர் பெற்ற மலை விளிம்பைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்றான் அந்தோணி. இப்போது அது தேசியப் பூங்கா, டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போகலாம். அன்றைக்கு யாரும் கேட்பாரில்லை. மலையிலேயே பிறந்து வாரம் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்கள் லீவு நாளில் மலை ஏறப் போகிறோம் என்றதும் பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடமும் லீவு கேட்கத் தேவையில்லை. ஆனாலும் மறுநாள் திங்கட்கிழமை ஆயிற்றே என்று மரியாதைக்காகக் கண்டாக்கையாவிடம் போய்ச் சொன்னேன். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

"எத்தன ஆளு?" என்றார்.

"நாலு பேருங்க ஐயா."

சுருட்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். "நாலு ஆளு மலைக்குப் போறப்ப கண்டாக்கு இல்லாம எப்பிடி? நானும் வாரேன். மருதையத் தப்பக் கொண்டாரச் சொல்லு."

நண்பர்கள் என்னைக் கொல்லாமல் விட்டது அவர்களுடைய நல்ல மனசு. பாக்கியம் மட்டும் இதில் கடவுள் செயலைக் கண்டாள். "அவரு என்ன சொன்னாலும் சரிங்க ஐயான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த பேசிறாதீங்க" என்று சொல்லி, ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள்.

ஒஹியாவில் ரயிலை விட்டு இறங்கியதும் கண்டாக்கையாவைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. மருதை என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தப்பு முழங்கியது. நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றோம், நான் "ஆள் சரி!" என்றேன், கண்டாக்கையா தொட்டிக்குப் பின்னாலிருந்து அப்போதுதான் வருகிறவராக வந்தார். "மலை ஏறுற வேல. நாலு ஆளு. பேச்சுக் கொறச்சு நடங்க" என்று வேலை பிரித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் பச்சைக் கொடியோடு, ரயில் போன பிறகும் அதைச் சுருட்டாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டுப் பாதையில் ஏறி மேலே சமவெளிக்கு வந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். தேயிலை இல்லாத மலையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு எட்டும் வரை புல், நடுவே சின்ன ஆறு, ஓரத்தில் பாசி பிடித்த மரங்கள், அங்கங்கே சிவப்பாகப் பூத்த மஹரத்மல். எனக்கு அந்தப் புல்லில் விழுந்து புரள வேண்டும் போல இருந்தது. கண்டாக்கையாவுக்கும் என்னவோ செய்தது. பிரம்பால் புல்லை விலக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு காலமா புல்லு வெட்டாமக் கெடக்கு! எந்தத் துரையோட தோட்டம் இது?"

"தோட்டம் இல்லைங்க ஐயா" என்றேன்.

"அதுதான் இந்தக் கேடு" என்றார்.

பிறகு எங்களுக்கு நிரை பிரித்தார். மலையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிரை, அதாவது தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவருக்கென்று ஒரு வரிசை. அதை விட்டு விலகாமல் போக வேண்டும். இங்கே செடியே இல்லை. ஆனாலும் நாங்கள் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் கைநீட்டும் இடைவெளியில் பக்கவாட்டில் நின்று, சமவெளியை நான்கு நிரையாகக் கடந்தோம். பின்னால் கண்டாக்கையா. மருதைக்கும் எனக்கும் பழக்கம். அந்தோணி ஸ்டோர்க்காரன், தடுமாறினான். பியதாஸவின் நிரை நேராகச் சதுப்புக்குள் போனது.

"மாத்தயா, பாதை இங்க இருக்கு தானே?" என்று முழங்கால் சேற்றில் நின்று கேட்டான். பாதை அவனுக்குப் பக்கத்திலேயே காய்ந்து கிடந்தது.

"அது அந்தோணியோட நிரை" என்றார் கண்டாக்கையா.

ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். அங்கிருந்து உலக முடிவு பக்கம்தான், அந்த மரங்களைத் தாண்டினால் மலை வெட்டிவிட்டது போல நின்றுவிடும், விழுந்தால் எலும்பு கூடக் கிடைக்காது என்று பியதாஸ சொன்னான். கண்டாக்கையா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "பெரட்டப் போட்டு வை, வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எல்லா மனிதரும் சாப்பிட்ட பின் ஒதுங்குவது போல அந்த மரங்களின் பக்கம் ஒதுங்கினார். அவர் முதுகு மறைந்த கையோடு பனிமூட்டம் இறங்கியது.

அங்கே பனி மெல்ல மெல்ல வருவதில்லை, மொத்தமாக வந்து மூடும். பக்கத்தில் நின்ற அந்தோணிக்குத் தலை மட்டும் இருந்தது. மருதை தப்பை அடித்தான். வரிசையில் நின்றோம். கண்டாக்கையா வரவில்லை. மறுபடியும் அடித்தான். வரவில்லை. சுருட்டு வாசமும் இல்லை.

பனிக்குள் எங்கேயோ ஒரு இருமல் கேட்டது.

"ஐயா இருமுற மாதிரி இருக்கே" என்றான் அந்தோணி.

"இல்ல மச்சான், அது மரை மானு" என்றான் பியதாஸ. "இந்தப் பக்கத்து மரை எல்லாம் இப்பிடித்தான்."

நான் பொறுக்க முடியாமல், "கண்டாக்கையா! எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன். பதில் இல்லை. அவர் உயிரோடு இருந்தால் பதில் சொல்லாமல் இருப்பாரா என்று நினைத்தேன். பெரட்டு நேரத்தில் கண்டாக்கைப் பார்த்து எங்கே இருக்கீங்க என்று கேட்ட முதல் கணக்கப்பிள்ளை நான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பியதாஸ தேடப் போகிறேன் என்றான். நான் விடவில்லை. ஒரு ஆளைப் பறிகொடுத்தது போதும், இன்னொரு ஆளையும் அந்தப் பள்ளத்துக்குக் கொடுக்க முடியாது. அதோடு வரிசையைக் கலைத்துவிட்டு ஓடினால், நடுவில் அவர் வந்து நின்றால் என்ன சொல்வது? சிரிக்காதீர்கள். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பயம் இருந்தது.

நாங்கள் நனைந்து நின்றோம். ஒஹியாவுக்குத் திரும்பி மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் மறுநாள் பெரட்டுக்குப் போய் நிற்க முடியாது. அந்தோணி செத்தவருக்கான ஜெபத்தை முணுமுணுக்க ஆரம்பித்தான். அதைக் கேட்டதும் மருதையின் கை தானாகவே மாறியது. பெரட்டு அடியை விட்டுச் சாவு அடிக்கு வந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வழிய அருமையாக அடித்தான். பனிக்குள்ளிருந்து முன்பைவிடப் பலமாக ஒரு இருமல் வந்தது.

"மரைக்குக் கோவம் வந்திருச்சு" என்றான் பியதாஸ.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மனிதரைத் தினமும் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவருவது எது? தப்பு இல்லை. தப்பு ஆட்களுக்கு. அவருக்கு என்று இருப்பது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் எப்படிச் சொல்வேன்? களத்தில் கண்டாக்கு ஆள் கணக்கில் சேர்த்தி இல்லைதான், ஸ்டோருக்குப் பின்னால் பத்திரமாக நிற்பார். இங்கே ஐந்து பேர் வந்தோம், நான்கு பேர் நிற்கிறோம். ஐந்தாவது ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இதைவிட ஆள் குறைந்த பெரட்டு உலகத்தில் இருக்க முடியாது. அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டால் நாளைக்கு வீடு இல்லை. தாழ்ப்பாள் இல்லை. பாக்கியத்தின் முகம் எனக்கு முன்னால் வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன, பியதாஸ சொன்ன மாதிரி மரையாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு அந்த மரங்களுக்கு அப்பால் இருந்த பள்ளத்தை நினைத்தேன்.

வாயருகே கையைக் குவித்துக் கத்தினேன்: "ஆள் சரி!"

எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புதருக்குப் பின்னாலிருந்து, அப்போதுதான் நடந்து வருகிறவரைப் போலக் கண்டாக்கையா வந்தார். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுருட்டு நனைந்து வாயில் தொங்கியது. கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, மருதை அடித்த சாவு அடியையும் கேட்டுக்கொண்டு, "ஆள் சரி"க்காக நின்றிருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் காலில் விழுந்திருப்பேன். அவர் விடவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ஆள் கொறஞ்சிச்சுங்க ஐயா. அதான் சொல்லல."

"எத்தன ஆள் வந்தோம்?"

"அஞ்சு பேருங்க ஐயா."

"நீ ஆள் சரின்னு சொல்றப்ப எத்தன ஆள் நின்னுச்சு?"

"நாலு பேருங்க."

"கொறஞ்ச ஆளு இருக்கா, செத்துச்சான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

"தெரியாமத்தான் ஆள் சரின்னியா?"

பாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்த "சரிங்க ஐயா" இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. வீடு போனது போனதுதான் என்று தெரிந்துவிட்டது.

"கொறஞ்ச ஆளு யாரு?" என்றார்.

அந்தோணி தரையைப் பார்த்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்கதாங்க ஐயா."

கண்டாக்கையா எதிர்பார்க்கவில்லை. எங்கள் நான்கு பேரையும் பிரம்பால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். பிறகு தன் நெஞ்சில் தொட்டார். நனைந்த சுருட்டைத் துப்பினார். அவருடைய சட்டத்தை அவரே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் எங்கும் ஓட்டை இல்லை என்று கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"அப்ப அந்த ஆளு பெரட்டுக்குப் பிந்தி வந்திருக்கு. இன்னைக்குப் பேர் இல்ல" என்றார். "நீங்க நாலு ஆளும் ஒலக முடிவு பாக்குற வேல. போங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி ஒஹியாப் பக்கம் நடந்தார். பனி கொஞ்சம் விலகியிருந்தது. இந்தத் தடவை நிரை பார்க்கவில்லை, காய்ந்த பாதை வழியாகவே போனார். பேர் இல்லாத ஆளுக்கு நிரையும் இல்லை.

நாங்கள் அவர் பின்னால் ஓடத்தான் நினைத்தோம். ஆனால் வேலை கொடுத்துவிட்டாரே! போய் உலக முடிவில் நின்றோம். தெளிவான நாளில் கடல் வரைக்கும் தெரியும் என்று பியதாஸ சொன்னான். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வேலையை முடித்த திருப்தியோடு திரும்பினோம். ஸ்டேஷனில் அவர் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். பேர் விழுந்த ஆட்களோடு பேர் இல்லாதவர் உட்காருவது முறையில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பாக்கியம் கோபிப்பாள் என்று நினைத்தேன். "மனுசன் உசுரோட வந்தாரே, அது போதும்" என்றாள். சொல்லிவிட்டுச் சாக்குத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது திட்டியதைவிட வலித்தது.

திங்கட்கிழமை பெரட்டுக்குத் துரை வந்துவிட்டார். களம் நிறைய ஆட்கள். இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் "ஆள் சரி" சொன்னேன். கண்டாக்கையா ஸ்டோருக்குப் பின்னாலிருந்து வந்தார், இருமலோடு. துரை என்னைச் சுட்டிக் காட்டித் தோட்டத் தமிழில் கேட்டார்.

"கண்டாக்கு, இந்த ஆள் எப்பிடி? வச்சுக்கலாமா?"

"வேல தெரிஞ்ச ஆளுங்க துரை. ஒரு குத்தம் இருக்கு. நேத்து ஆள் கொறயிறப்ப ஆள் சரின்னு சொல்லிட்டான்."

"நேத்து ஞாயித்துக்கிழமை."

"ஆமாங்க துரை. ஞாயித்துக்கெழமதான்."

துரை கண்டாக்கையாவோடு பல வருடம் வேலை செய்த மனிதர். அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. "கொறஞ்ச ஆள் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

வரிசையில் மருதை தப்புக் குச்சியை இறுக்கிப் பிடித்தான். அத்தனை பேருக்கும் முன்னால், கண்டாக்கையா பொய் சொன்னால் அவர் சட்டம் போகும், உண்மை சொன்னால் அவர் மானம் போகும். நான் என் வீட்டை மறந்துவிட்டு அவர் வாயையே பார்த்தேன்.

"பேர் சொல்ற அளவுக்குப் பெரிய ஆளு ஒண்ணும் இல்லைங்க துரை" என்றார். "அவன் இல்லாமலே வேல நடந்துச்சு."

"அவனை என்ன செஞ்சே?"

"பேர் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லது. அப்ப இந்த ஆள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

அந்தக் களத்தில் நின்ற அத்தனை பேரில் அவர் என்ன சொன்னார் என்பது மருதைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கவ்வாத்து வரிசையைப் பார்த்தபடியே, வேலை பிரிக்கிற அதே குரலில் சொன்னார்:

"கணக்கப்பிள்ள வீட்டுல வடக்குப் பக்கத் தகரம் ஒழுகும். வார ஞாயித்துக்கெழம மலை பாக்கப் போகாம, ஏறி அதப் பாரு."